கட்டைப்பை போட்ட இடம்

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் இடம் பிடிப்பதற்கு ஒரு போட்டி வைத்தால் கோப்பை எனக்குத்தான் வரும். வாலாஜாபாத்தில் இருபத்தெட்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். காலை ஏழு மணி பஸ் நிலையத்துக்குள் திரும்பி, இன்னும் நிற்காமல் உருண்டுகொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாகக் குடையையோ சாப்பாட்டுப் பையையோ சீட்டில் போட்டுவிடுவேன். போட்டுவிட்டால் அந்த இடம் நம்முடையது. அப்புறம் நிதானமாகப் போய் இரண்டு முழம் பூ வாங்கலாம், ஆடி அசைந்து வரும் சயின்ஸ் டீச்சரைக் கையைப் பிடித்து இழுத்து வரலாம். கண்டக்டர் விசில் ஊதுவார், டிரைவர் உறுமுவார், பஸ் நாலடி நகர்ந்து மறுபடி நிற்கும். இந்தப் பெருமையை எதற்குச் சொல்கிறேன் என்றால், இதே திறமையால்தான் சுவிட்சர்லாந்தில் என் தங்கை மகளின் கல்யாணச் சேலையைத் தொலைக்கப் பார்த்தேன்.

தங்கை மல்லிகா இருப்பது பீல் என்ற ஊரில். ஏரிக்கரை ஊர், கைக்கடிகாரம் செய்யும் ஊர். அவள் கணவர் டேனியல் வாலாஜாபாத்காரர். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர், இப்போது பீலில் கடிகாரத்துக்குள் போகும் எள்ளளவு சக்கரங்களை வெட்டும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறார். அவர்களுக்கு ஒரே மகள், ஜெனி. அவள் லூக் என்ற உள்ளூர்ப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். சனிக்கிழமை நகராட்சி அலுவலகத்தில் பதிவுத் திருமணம்.

அவளுக்கு நான் சேலை கொண்டுபோனதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. மல்லிகாவும் வாலாஜாபாத்தில் பதிவுத் திருமணம்தான் செய்துகொண்டாள். வேறு சாதி, வேறு மதம் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை. பட்டு நெய்கிற வீட்டுப் பெண், தோழியிடம் இரவல் வாங்கிய சேலையைக் கட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். நானும் போகவில்லை. பழியை அப்பா மேல் போட்டுவிட்டு இருபத்தைந்து வருடம் ஓட்டிவிட்டேன். பேச்சுவார்த்தை ஒன்றும் நின்றுபோய்விடவில்லை. அப்பா காரியத்துக்கு வந்தாள், வாரம் ஒருமுறை போனில் பேசுவோம். அந்தக் கல்யாண நாளைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாயே திறந்ததில்லை.

அதனால் ஜெனி ஏரியைப் படம் பிடித்து, "பெரிம்மா, எனக்கு இந்த புளூ வேணும்" என்று அனுப்பியதும் என் கணவர் ஏகாம்பரம் கையிலிருந்த ஆர்டரைத் தள்ளிவைத்துவிட்டுத் தறியில் பாவு போட்டார். பிள்ளையார்பாளையத்துச் சாயக்காரர் அந்தப் படத்தைப் பார்த்து நாலு தடவை சாயம் கலக்கினார். உடல் ஏரி நீலம், கரை அரக்கு. இந்த முறை எங்கள் வீட்டுச் சேலை கல்யாணத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். எனக்கு வேறு எந்த வேண்டுதலும் இல்லை.

திங்கட்கிழமை போய் இறங்கினேன். டேனியல் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். "வாங்கக்கா, பையைக் குடுங்க" என்று கையை நீட்டினார். பெட்டியைக் கொடுத்தேன், சேலை இருந்த கட்டைப்பையைக் கொடுக்கவில்லை. காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகளில் தரும் அந்தக் கெட்டிப் பை, சிவப்பு நிறம், மரக்கைப்பிடி. அதற்குள் பழைய வேட்டியில் சுற்றிய சேலை. விமானத்திலும் அதை மடியிலேயே வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் குழந்தையோ என்று இரண்டு தடவை எட்டிப்பார்த்தார்.

வீட்டுக்குப் போனதும் ஜெனி சேலையைப் பிரித்து ஜன்னலோரம் கொண்டுபோய் ஏரியோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். அந்தப் பாழாய்ப்போன ஏரி அன்றைக்குச் சாம்பல் நிறத்தில் இருந்தது. "பெரிம்மா, அது டெய்லி மாறிக்கினே இருக்கும். இது மாறாது இல்ல, இதான் கரெக்ட்" என்று அவள் என்னைக் கட்டிக்கொண்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. சோறும் நன்றாகவே இருந்தது. ஏரியில் பிடித்த மீனை வெண்ணெயில் வாட்டி வைத்திருந்தாள் மல்லிகா. உப்பு, எலுமிச்சை, அவ்வளவுதான். நான் கொண்டுபோன இட்லிப்பொடியைத் தொட்டுக்கொண்டு டேனியல் நாலு துண்டு சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை ஊரைச் சுற்றிப் பார்த்தேன். பீலுக்கு இரண்டு பெயர். ஜெர்மன் பேசுகிறவர்களுக்குப் பீல், பிரெஞ்சு பேசுகிறவர்களுக்குப் பியன். தெருப் பலகைகளிலும் இரண்டு பெயர். யார் எந்த மொழி என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்காதே, எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று ஜெனியைக் கேட்டேன். "யாரு ஃபர்ஸ்ட் வாய தொறக்கறாங்களோ அவங்க மொழி பெரிம்மா. அடுத்தவங்க அதுக்கு மாறிக்குவாங்க" என்றாள்.

நம்பாமல் ரொட்டிக்கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். கடைக்காரப் பெண் ஒருவரிடம் ஜெர்மனில் காசு வாங்கி, அடுத்தவரிடம் பிரெஞ்சில் சில்லறை கொடுத்தாள். ஒரு தாத்தா மட்டும் ஜெர்மனில் ஆரம்பித்துப் பாதியில் பிரெஞ்சுக்குத் தாவினார். ஏன் என்று ஜெனியை விட்டுக் கேட்டதற்கு, "ரொட்டி கேட்க ஜெர்மன் போதும், ரொட்டி கருகிப்போயிருக்கிறது என்று சொல்லப் பிரெஞ்சுதான் வசதி" என்றாராம், ஜெனி மொழிபெயர்த்தாள். எங்கள் ஊர்ப் பட்டுக்கடைகளிலும் நாலு மொழி ஓடும். ஆனால் அங்கே வருகிறவர் வாயைத் திறக்கவே விடமாட்டார்கள். செருப்பு விடுகிற அழகிலேயே தெலுங்கா, கன்னடமா என்று கண்டுபிடித்து "ரண்டம்மா, ரண்டி" என்று இழுத்துப்போய் உட்காரவைத்துவிடுவார்கள். பீலில் யாரும் யாரையும் இழுப்பதில்லை.

புதன்கிழமை துணி துவைக்கிற நாள். கட்டிடத்துக்கே பொதுவாகக் கீழே ஓர் அறை, வீட்டுக்கு ஒரு நாள். மல்லிகாவின் நாளில் இன்னொருவர் அந்த அறைச் சாவியைத் தொடமாட்டார். நான் பழக்கதோஷத்தில் விடிந்ததும் விடியாததுமாக வாளியோடு ஓடினேன். அறையில் ஈ காக்கை இல்லை. "ஏங்க்கா, யாரு வந்து புடுங்கிக்கப் போறாங்க? ஒம்பது மணிக்குப் போனாகூட நம்ம முறைதான்" என்று மல்லிகா சிரித்தாள். அதிலிருந்து நான் பாடம் படித்திருக்க வேண்டும். நான் டீச்சர், எனக்கு யார் பாடம் எடுப்பது?

வியாழக்கிழமை வந்தது. ஏரியின் இன்னொரு கோடியில் லா நொவ்வில் என்று ஒரு சிற்றூர். அங்கே சுகந்தி என்ற யாழ்ப்பாணத்துப் பெண்மணி இருக்கிறார். கல்யாணச் சேலைகளுக்கு முன்கூட்டியே மடிப்பு வைத்து இஸ்திரி போட்டுத் தருபவர், கல்யாணத்தன்று வந்து கட்டிவிடுபவரும் அவரே. சேலையை அவரிடம் சேர்க்க வேண்டும். "ரயில்ல போனா கால் மணி நேரம்தான்கா. ஆனா நீ ஏரியப் பாக்கவே இல்லியே, கப்பல்ல போலாம்" என்றாள் மல்லிகா.

படகுத்துறைக்குப் போனோம். வெள்ளைக் கப்பல், இரண்டு தளம், நல்ல வெயில், துறை முழுக்கக் கூட்டம். மலையேறுகிற கூட்டம், சைக்கிள் கூட்டம், ஒரு பள்ளிக்கூடமே வேறு. கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குள் இருந்த காலை ஏழு மணி முழித்துக்கொண்டது. மல்லிகா டிக்கெட் ஜன்னலில் நின்றாள். நான் இடித்துப் பிடித்து ஏறி, மேல்தளத்துக்கு ஓடி, கம்பியோரமாக இருந்த மேஜைக்கருகே பெஞ்சில் கட்டைப்பையைப் போட்டேன். எதிரில் கைத்தடியோடு ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, பையைத் தட்டிக் காட்டி, இரண்டு விரலை நீட்டினேன். இரண்டு பேருக்கு இடம் என்று அர்த்தம். அவரும் தலையை ஆட்டினார்.

கீழே எட்டிப்பார்த்தால் மல்லிகா டிக்கெட் வாங்கிவிட்டு யாரோ தெரிந்தவரிடம் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அச்சு அசல் சயின்ஸ் டீச்சர். கூப்பிட்டேன், காதில் விழவில்லை. இறங்கினேன். அவள் கையைப் பிடித்து, "வாடி, எடம் போட்டுட்டேன்" என்று இழுத்துக்கொண்டு திரும்பினால், ஏறுபலகை இல்லை. கப்பலுக்கும் எங்களுக்கும் நடுவில் இரண்டு ஆள் நீளத் தண்ணீர்.

விசில் இல்லை, உறுமல் இல்லை, நாலடி போய் நிற்பதும் இல்லை. துறைக் கடிகாரத்தில் முள் நேரத்தைத் தொட்டது, கப்பல் போய்விட்டது. மேல்தளக் கம்பிக்குப் பின்னால் என் சிவப்புப் பை தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் தெரியவில்லை.

"பை எங்கக்கா?" என்றாள் மல்லிகா.

நான் கப்பலைக் காட்டினேன்.

அவள் முகத்தில் ரத்தம் வற்றியதைப் பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. "சரி, வா" என்று மட்டும் சொல்லிவிட்டு டிக்கெட் ஜன்னலுக்கு ஓடினாள். உள்ளே இருந்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "பை கப்பலுக்குள் இருக்கிறதா? நல்லது. கப்பல் ஏரியை விட்டு எங்கே போய்விடும்? ரயிலில் லா நொவ்வில் போங்கள், கப்பலுக்கு முன்னால் போய்விடலாம்" என்றார். அவருக்கென்ன, அவர் வீட்டுக் கல்யாணமா?

ஸ்டேஷனுக்கு ஓடினோம். என் வயதில், சேலையில், ஸ்போர்ட்ஸ் ஷூவோடு ஓடினேன். நின்றிருந்த ரயிலில் பாய்ந்து ஏறினோம். ஏறிய பிறகு அறிவிப்பு வந்தது, முதலில் ஜெர்மனில். மல்லிகா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ, இது ஃபாஸ்ட் டிரெயின்கா. லா நொவ்வில்ல நிக்காது." அதையே பிரெஞ்சிலும் சொன்னார்கள். இரண்டு மொழியிலும் நிற்காது.

ரயில் ஏரிக்கரையை ஒட்டியே ஓடியது. ஒரு பக்கம் மலைச்சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம், மறுபக்கம் தண்ணீர். அந்தத் தண்ணீரின் நடுவில் வெள்ளையாக எங்கள் கப்பல் போய்க்கொண்டிருந்தது. என் கணவர் மாதக்கணக்கில் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்ததெல்லாம் அதற்குள் தனியாகப் போகிறது. நாங்கள் அதைத் தாண்டி, இறங்க வேண்டிய ஊரையும் தாண்டி, நெஷாத்தெல் என்ற ஊர் வரை போய் இறங்கினோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு சேலை இவளுக்குப் போய்ச் சேரவில்லை, இன்றைக்கு இவள் மகளுக்கும் சேரப்போவதில்லை, இரண்டும் என் கையால்தான் என்று நினைத்தேன். மல்லிகா என் முதுகைத் தட்டி, "அழுவாத. எல்லாரும் பாக்கறாங்க பாரு" என்றாள். யாரும் பார்க்கவில்லை. அந்த ஊரில் பார்க்கமாட்டார்கள்.

நின்று நின்று போகும் ரயிலைப் பிடித்துத் திரும்பி, லா நொவ்வில் துறைக்குப் போய் நின்றோம். கப்பல் வழியில் ஒரு தீவைத் தொட்டுவிட்டுத்தான் வரும் என்பதால் இன்னும் வந்திருக்கவில்லை. கடைசியில் வந்தது. இறங்குகிறவர்களுக்கு எதிராக நான் ஏறினேன். அங்கே அது பெரிய அநாகரிகம், தெரியும். மேல்தளத்துக்கு மூச்சிரைக்கப் போனேன்.

தளத்தில் நிற்க இடமில்லை. படிக்கட்டில் ஆள், கம்பியில் சாய்ந்து ஆள், முதுகுமூட்டையின் மேல் உட்கார்ந்து ஆள். நடுவில் ஒரே ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. அதில் என் கட்டைப்பை நான் போட்ட கோணத்திலேயே சாய்ந்திருந்தது.

எதிரில் கைத்தடி அம்மா. என்னைப் பார்த்ததும் பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னார். பின்னால் வந்த மல்லிகா தனக்குத் தெரிந்த பிரெஞ்சை வைத்து மொழிபெயர்த்தாள். "எத்தனையோ பேர் வந்து காலியா என்று கேட்டார்கள். இல்லை, ஆள் வருகிறது, இரண்டு பேர் என்று சொன்னேன். இவ்வளவு உறுதியாகப் பையைப் போட்டுவிட்டுப் போனவர் வராமல் இருக்கமாட்டார்." காஞ்சிபுரத்தில் இந்நேரம் என் பை சீட்டுக்கடியில் மிதிபட்டு, மேலே உட்கார்ந்தவர் என்னோடு சண்டைக்கு நின்றிருப்பார். நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் கொஞ்சம் பயந்துபோனார். பையை எடுத்துக்கொண்டு, ஏறுபலகையை எடுப்பதற்குள் கீழே குதித்தோம்.

சுகந்தி சேலையை மேஜையில் விரித்து, கரை உடலோடு சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அக்கா, வடிவாச் செய்து தாறன்" என்றார். அந்தத் தமிழைக் கேட்டதும்தான் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் கொடுத்த தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் குடித்தேன்.

திரும்பும்போது கப்பலில்தான் போவேன் என்று அடம்பிடித்தேன். சாயங்காலக் கப்பலில் கூட்டமே இல்லை. கையில் பையும் இல்லை, போட்டு வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. தண்ணீர் அப்போது சேலையின் நிறத்துக்கு வந்திருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் மல்லிகா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ரிஜிஸ்தர் ஆபீஸ்ல எனக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு, அதுல என் ஹேண்ட்பேக வெச்சிக்கினு உக்காந்துக்கினு இருந்தேன்கா. யாரு வந்து கேட்டாலும், எங்கக்கா வருதுன்னு சொல்லிக்கினே இருந்தேன். கையெழுத்துப் போடக் கூப்புட்டப்ப கூட அத எடுக்கல."

இருபத்தைந்து வருடமாக நான் யாரிடமும், ஏகாம்பரத்திடம் கூட, சொல்லாத ஒன்றை அப்போது சொன்னேன். "நான் கெளம்பினேன்டி. தறியிலேர்ந்து எறக்குன சேல ஒண்ண பையில வெச்சிக்கினு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வாலாஜாபாத் பஸ்ல எடமும் புடிச்சேன். அப்பா மொகம் ஞாபகம் வந்துச்சு. பஸ் கெளம்பறதுக்குள்ள எறங்கிட்டேன்."

கப்பல் ஒரு துறையைத் தொட்டுவிட்டு நகர்ந்தது.

"இன்னிக்கும் எறங்கினே" என்றாள்.

"இன்னிக்கு உன்ன கூட்டிக்கினு வரத்தான்டி எறங்குனேன்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள், என்னுடைய முந்தானையை.

சனிக்கிழமை காலை சுகந்தி வந்து சேலையைக் கட்டிவிட்டார். ஜெனியைப் பார்த்து டேனியல் அறையை விட்டு வெளியே போய்விட்டு, கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தார். எல்லோரும் நகராட்சி அலுவலகத்துக்குக் காரில் போய்ப் படியேறும்போது, தமிழ்க்கடையில் வாங்கிய மல்லிகைப்பூ ஃபிரிட்ஜிலேயே இருப்பது எனக்கு நினைவுக்கு வந்தது. "நான் எடுத்துக்கினு வரேன்" என்றேன். மல்லிகா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "வந்துடுவ இல்ல?" என்றாள். அவள் பூவை நினைத்துக் கேட்கவில்லை.

போன பஸ்ஸும் வந்த பஸ்ஸும் நிமிடம் தவறவில்லை. அந்த ஊரின் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அன்றோடு தீர்ந்தது. பூவைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறிக் கதவைத் திறந்தேன். கூடம் நிரம்பியிருந்தது. லூக்கின் சொந்தக்காரர்கள் சுவரோரமாகக்கூட நின்றார்கள். முன்வரிசையில் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது, அதன் மேல் மல்லிகாவின் கைப்பை.

லூக்கின் அத்தையோ யாரோ ஒரு பெண்மணி குனிந்து அதைப் பற்றித்தான் பிரெஞ்சில் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் பேசியவர் மொழியில் பதில் சொல்வதுதான் அந்த ஊர் வழக்கம். மல்லிகா பிரெஞ்சிலும் சொல்லவில்லை, ஜெர்மனிலும் சொல்லவில்லை. கைப்பையின் மேல் கையை வைத்துக்கொண்டு, "எங்கக்கா வருது" என்றாள்.

அந்தப் பெண்மணிக்கு அது புரிந்துவிட்டது. சிரித்தபடி தலையாட்டிவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றார்.

நான் போய்ப் பூவை ஜெனியின் தலையில் வைத்துவிட்டு, அந்தக் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மல்லிகா திரும்பிப் பார்க்கவில்லை.

"வந்துட்டியா?" என்றாள்.

"வந்துட்டேன்டி" என்றேன்.